உயிர்த்தெழுந்த உடம்பில் காயம் எதற்கு?

இந்த வாரம் ஈஸ்டர். அதனால வழக்கமான எபிசோடைத் தள்ளி வெச்சுட்டு, உங்கள்ல சிலர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கிற ஒரு விஷயத்தைப் பேசலாம்னு நினைச்சேன். உயிர்த்தெழுதல்னா கிறிஸ்தவங்க உண்மையில என்னதான் சொல்றாங்க? செத்தவர் எழுந்தார், சரி. அதனால எனக்கு என்ன? ஒருத்தர் இன்னும் நேராவே கேட்டிருந்தாங்க: வீட்டுல ஒரு சாவு நடந்திருக்கு, இந்த வருஷம் ஈஸ்டர் பாட்டெல்லாம் என்னால பாட முடியும்னு தோணல, இது விசுவாசக் குறைவா? அந்தக் கேள்விக்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு சின்ன விஷயம். கிறிஸ்மஸ்னா ஆபீஸ்ல யாருக்கும் குழப்பமே கிடையாது. நட்சத்திரம் மாட்டுவோம், கேக் வெட்டுவோம். பெரிய வெள்ளி வந்தாத்தான் சிக்கல். வருஷா வருஷம் எனக்கு ‘ஹேப்பி குட் ஃபிரைடே’ன்னு ரெண்டு மூணு மெசேஜ் வரும். அனுப்புறவங்க மேல கோபமே இல்லை. பேர்லயே ‘குட்’ இருந்தா அவங்க என்ன செய்வாங்க? ஈஸ்டரோ ஞாயிற்றுக்கிழமை வருது, லீவு கூட கிடையாது, யாருக்கும் தெரியாமலே கடந்து போயிடுது. ஆனா வயசுப்படி பார்த்தா ஈஸ்டர்தான் மூத்த பண்டிகை. டிசம்பர் 25ஐ இயேசுவின் பிறந்தநாளாகக் கொண்டாடியதற்கு நான்காம் நூற்றாண்டில்தான் தெளிவான சான்று கிடைக்கிறது. ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆசியாவின் சபைகளும் ரோமாபுரியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 325ல் நிசேயா சங்கம் கூடியபோது அதுவும் ஒரு பஞ்சாயத்து. இன்று மேற்கத்திய சபைகள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால்தான் ஈஸ்டர் மார்ச் 22லிருந்து ஏப்ரல் 25க்குள் அலைந்துகொண்டே இருக்கிறது. முட்டை, முயல் எல்லாம் ஐரோப்பாவின் வசந்த காலத்தோடு ஒட்டிக்கிட்டு வந்தது. நம்ம ஊர்ல ஏப்ரல்ல என்ன வசந்தம்? அக்னி நட்சத்திரம் வாசல்ல நிக்கும். அதை விட்டுடலாம்.

என் அம்மா வீடு கத்தோலிக்கம், அப்பா வீடு சிஎஸ்ஐ. ஒரே நாளுக்கு எங்க வீட்டுல ரெண்டு பேர் புழங்கும். அம்மாவுக்குப் புனித வெள்ளி, அப்பாவுக்குப் பெரிய வெள்ளி. அம்மாவுக்குத் தவக்காலம், அப்பாவுக்கு லெந்து. சனிக்கிழமை ராத்திரி அம்மாவோட கோயிலுக்குப் போனா எல்லா விளக்கையும் அணைச்சுடுவாங்க. வெளியே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா திரியை ஏற்றி, இருட்டுக்குள்ள கொண்டு வருவாங்க. அந்த ஒரு சுடரிலிருந்து பக்கத்துல பக்கத்துல ஏத்தி, கொஞ்ச நேரத்துல கோயில் முழுக்க மெழுகுவர்த்தி. அப்பா ஊர்ல விடியக்காலை நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். கல்லறைகளுக்கு வெள்ளையடிச்சு, பூ வெச்சிருப்பாங்க. கல்லறைகளுக்கு நடுவுல நின்னுதான் முதல் பாட்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1732ல் மொராவிய சபையின் இளைஞர்கள் இப்படித்தான் விடியலுக்கு முன் இடுகாட்டுக்குப் போய்ப் பாடினார்கள். அவர்களிடம் அது இன்று வரை தொடர்கிறது. பண்டிகையை இடுகாட்டில் ஆரம்பிக்கிறாங்கன்னா, அந்தப் பண்டிகை எதைப் பற்றிப் பேச வருதுன்னு வேற விளக்கம் தேவையில்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உயிர்த்தெழுதல்னு சொன்னதும் நம்ம மனசுல மூணு வேற விஷயங்கள் வந்து குறுக்கே நிக்கும். ஒன்று, ஆன்மா அழியாது, உடம்பு சட்டை மாதிரி, கழற்றிப் போட்டுட்டுப் போயிடும் என்ற எண்ணம். இது நம்மிடமும் உண்டு, கிரேக்கர்களிடமும் இருந்தது. இரண்டு, மறுபிறவி. மூன்று, செத்துப் போன ஒருவர் மறுபடி பழைய வாழ்க்கைக்கே திரும்புவது. லாசரு கதையில் நடப்பது இந்த மூன்றாவது. நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசரு வெளியே வருகிறார், சரி. ஆனால் அவர் இன்னொரு நாள் மறுபடியும் சாகத்தான் வேண்டும். அதைத் தள்ளிப்போட்ட சாவுன்னுதான் சொல்லணும்.

ஈஸ்டர் இந்த மூன்றும் இல்லை. கல்லறையில் கிடந்த அதே ஆள், அதே உடம்பு. ஆனால் இனி சாகாத உடம்பு. அறிந்த முகம், ஆனாலும் பார்த்தவுடன் அடையாளம் தெரியவில்லை. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது. எம்மாவு என்ற ஊருக்கு நடந்து போன இருவர் அவரோடு வழி முழுக்கப் பேசிக்கொண்டே போகிறார்கள். சாப்பாட்டு மேசையில் அவர் ரொட்டியைப் பிட்டபோதுதான் தெரிகிறது. பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார், ஆனால் ஆவி இல்லை என்று காட்ட ஒரு துண்டு மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். எழுதினவங்களுக்கே இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, தடுமாறுறாங்க. எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடிக்கும். கட்டுக்கதை எழுதுறவன் இன்னும் நேர்த்தியா எழுதியிருப்பான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? யூத சமயத்தில் இது பழைய நம்பிக்கை இல்லை. எபிரேய வேதத்தின் பெரும்பகுதியில் இறந்தவர்கள் பாதாளத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். மண்ணில் தூங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்ற பேச்சு தானியேல் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் தெளிவாக வருகிறது. அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. சிரியாவை ஆண்ட அந்தியோக்கு மன்னன் யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்து, மறுத்தவர்களைக் கொன்ற காலம். அதே காலத்தைப் பற்றித்தான் மக்கபேயர் இரண்டாம் புத்தகமும் பேசுகிறது. (கத்தோலிக்க பைபிளில் இருக்கும், அப்பா வீட்டு பைபிளில் இருக்காது.) அதில் ஏழு சகோதரர்களை அவர்கள் தாயின் கண் முன்னே ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். மூன்றாவது மகன் தன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான். இவை கடவுள் கொடுத்தவை, அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான்.

இதைக் கவனிங்க. உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை, செத்த பிறகு என்ன ஆகும் என்ற ஆர்வத்தில் பிறக்கவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு நியாயம் உண்டா என்ற கேள்வியில் பிறந்தது. கொன்றவன் அரண்மனையில் நிம்மதியாகச் செத்தான், கொல்லப்பட்டவன் குழியில் கிடக்கிறான், கணக்கு இத்தோடு முடிந்ததா? முடியவில்லை, உடம்புக்குச் செய்த அநியாயம் உடம்புக்கே திருத்தப்படும் என்பதுதான் அவர்கள் சொன்ன பதில். இயேசுவின் காலத்தில் பரிசேயர் இதை நம்பினார்கள். ஆலயத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த சதுசேயர் நம்பவில்லை. வசதியா இருக்கிறவங்களுக்கு இந்த நம்பிக்கை பெரிசா தேவைப்படலைன்னு நான் நினைக்கிறேன்.

சிலுவையும் அப்படித்தான். நாம தங்கச் சங்கிலியில மாட்டிக்கிறோம். ரோமப் பேரரசில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கும் தண்டனை. ஊருக்கு வெளியே, வழிப்போக்கர்கள் பார்க்கும்படி, ஆடையில்லாமல். கொல்வது மட்டும் நோக்கமில்லை. இப்படி ஒருத்தன் இருந்தான் என்பதே அவமானம் என்று ஆக்குவதும் நோக்கம். 1968ல் எருசலேமில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது ஓர் எலும்புப் பெட்டி கிடைத்தது. மேலே யெஹோஹானான் என்று பெயர். உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் ஆணி இன்னும் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களை இப்படிக் கொன்றிருக்கிறார்கள். அதற்கான உடல்சார்ந்த ஆதாரமாகக் கையில் கிடைத்தவை மிக மிகக் கொஞ்சம். அவ்வளவு முழுசாக அழித்துவிடுகிற தண்டனை அது.

அப்படிக் கொல்லப்பட்ட ஒருவரைக் கடவுள் எழுப்பினார் என்று சொன்னால், அந்தக் காலத்து ஆளுக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்திருக்கும். பிலாத்துவின் தீர்ப்பு தள்ளுபடி. மேல் கோர்ட்டு வேற தீர்ப்பு எழுதிடுச்சு.

சரி, இது நடந்ததா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனா நீங்க என்னை விட மாட்டீங்க. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம். சிலுவைச் சாவுக்கு இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குள் எழுதப்பட்டது. அதன் 15ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: பேதுருவுக்குக் காட்சி தந்தார், பன்னிருவருக்கு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு, யாக்கோபுக்கு, எல்லா அப்போஸ்தலர்களுக்கும், கடைசியாக எனக்கு. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுக்கோங்கங்கிற தொனி. இதெல்லாம் தான் பெற்றுக்கொண்டு மற்றவர்களுக்கு ஒப்படைத்தது என்கிறார். அதாவது கடிதத்தை விடவும் பழைய செய்தி.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் கூட இல்லை. அதே சமயம் நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறைக்கு முதலில் போனது பெண்கள்தான். அதே நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். லூக்காவும் மறைக்கவில்லை. பெண்கள் வந்து சொன்னது ஆண்களுக்கு வெறும் பிதற்றலாகத் தோன்றியது என்றே எழுதுகிறார். ஒரு கதையைச் சோடித்து நம்ப வைக்கணும்னா, சபையில செல்லாத சாட்சியை யாராவது முன்னால நிறுத்துவாங்களா? இது நிரூபணம் இல்லை. வரலாறு எவ்வளவு தூரம் வரும்னா, அந்த மனுஷங்க எதையோ கண்டோம்னு உறுதியா நம்பினாங்க, அதுக்காக அடி வாங்கத் தயாரா இருந்தாங்க, அது வரைக்கும் வரும். அதுக்கு மேல அது நம்பிக்கை. நான் நம்புறேன். நீங்க நம்பாம இருந்தாலும் இந்த எபிசோட் உங்களுக்கும்தான்.

இன்னொன்று. சுவிசேஷங்களில் மிகப் பழையது மாற்கு எழுதியது. அதை எடுத்துப் பார்த்தீங்கன்னா கடைசி அதிகாரத்தில் பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், அவர் எழுந்துவிட்டார் என்று கேட்கிறார்கள், நடுங்கிக்கொண்டு ஓடிப்போகிறார்கள், பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே முடிந்துவிடுகிறது. நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளான சினாய்த்திக்கஸ், வத்திக்கானுஸ் இரண்டிலும் 16ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடும். நம் பைபிளில் அதற்குப் பின் வரும் வசனங்கள் பிற்பாடு சேர்ந்தவை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முடிவு சரியில்லைன்னு யாருக்கோ தோணியிருக்கு. எனக்கு அந்தப் பழைய முடிவுதான் உண்மையா படுது. முதல் ஈஸ்டர்ல பாட்டு இல்லை, பயம்தான் இருந்தது.

இப்போ தலைப்புக்கு வர்றேன். கல்லறையிலிருந்து எழுந்த உடம்பில் காயம் ஏன் இருந்தது?

யோவான் எழுதியதில் தோமா கதை வருகிறது. மற்றவர்கள் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. ஆணித் தழும்பைப் பார்த்து, விரல் வைத்து, விலாவில் கை போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து, இதோ தொட்டுப் பார் என்று கையை நீட்டுகிறார். தோமா நிஜமாகவே தொட்டாரா என்று யோவான் சொல்லவே இல்லை. கரவாஜியோ என்ற இத்தாலிய ஓவியர் 1600களின் தொடக்கத்தில் வரைந்த படத்தில்தான் விரல் காயத்துக்குள்ளே போகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நாம எல்லாருமே அவர் தொட்டார்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். சென்னைக்காரங்களுக்கு இந்தத் தோமா கொஞ்சம் சொந்தக்காரர். அவர் கி.பி. 52ல் கேரளக் கரைக்கு வந்து, 72ல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. சின்னமலை, சாந்தோம், பரங்கிமலை மூன்றும் அவர் பெயரோடு சேர்ந்தவை. மெட்ரோவில் ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’னு அறிவிப்பு கேட்கும்போது, காயத்தைக் காட்டுன்னு கேட்ட ஆளோட பேர்தான் அதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. சர்ச்சுல அவரைச் ‘சந்தேகத் தோமா’ன்னு கொஞ்சம் இளக்காரமாத்தான் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அவர் அற்புதம் எதையும் கேட்கலை. நீங்க பார்த்தது சிலுவையில தொங்கின அதே ஆள்தானா, காயம் இருக்கான்னுதான் கேட்டார். சரியான கேள்வி.

யோசிச்சுப் பாருங்க. சாவையே வென்ற உடம்புக்கு ஆணி ஓட்டையை மூடுவது பெரிய வேலையா? மூடவில்லை. மக்கபேயர் கதையின் அந்த மூன்றாவது மகன், வெட்டப்பட்ட கை முழுசாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தான். இங்கே வாழ்வு திரும்பி வந்தது, காயத்தின் அடையாளமும் கூடவே வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் இதைப் பற்றி யோசித்தார். இரத்தசாட்சிகள் உயிர்த்தெழும்போது அவர்கள் உடம்பில் தழும்புகள் இருக்கலாம், அது குறையாகத் தெரியாது, கண்ணியமாகத் தெரியும் என்று ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில் எழுதுகிறார்.

அதை விட ஆழமாகப் போனவர் நான்சி ஐஸ்லண்ட் என்ற அமெரிக்கப் பெண். பிறவியிலேயே இடுப்பெலும்பில் கோளாறு. 13 வயதுக்குள் 11 அறுவை சிகிச்சைகள். சுற்றியிருந்தவர்கள் ஆறுதலாகச் சொன்னது, பரலோகத்தில் எல்லாம் சரியாகிவிடும், நீ முழுசாகிவிடுவாய் என்று. அவருக்கு அது ஆறுதலாக இல்லை. இந்த உடம்போடுதான் நான் வளர்ந்தேன், இதை எடுத்துவிட்டால் என்னை எனக்கே அடையாளம் தெரியாதே, கடவுளுக்கும்தான் தெரியுமா என்று நினைத்தார். பிறகு லூக்காவின் 24ஆம் அதிகாரத்தைப் படிக்கிறார். உயிர்த்தெழுந்தவர் தன் சீடர்களிடம் தன் கைகளையும் கால்களையும் பார்க்கச் சொல்கிறார். சேதமான கைகள், சேதமான கால்கள். கடவுளே ஊனமுற்ற உடம்போடு எதிரில் நிற்கிறார் என்று ஐஸ்லண்ட் அதை வாசித்தார். 1994ல் வந்த ‘தி டிசேபிள்ட் காட்’ என்ற அவருடைய புத்தகம் இறையியலில் ஒரு புதுப் பாதையையே திறந்தது. 2009ல் 44 வயதில் இறந்துபோனார். நம்ம ஊர் ‘சுகமளிக்கும் கூட்டங்கள்’ல வீல் சேரில் இருப்பவரை மேடைக்குக் கூப்பிட்டு, நம்பினா எழுந்து நடப்பேன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் இந்தப் பெண்ணை நினைச்சுக்குவேன்.

இனி சொல்லப் போறது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று ஆலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேல். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்திருந்த தமிழ்க் குழந்தைகள் பலர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்தவரும் போவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் வரிசையில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம் அது.

கட்டுவாப்பிட்டி கோயிலின் ஒரு படம் உலகம் முழுக்கப் போனது. கூரை பறந்துபோன ஆலயத்தின் சுவரருகே உயிர்த்த இயேசுவின் சிலை. கையை உயர்த்தி நிற்கிற, ஈஸ்டருக்கென்றே வைக்கும் வெள்ளைச் சிலை. அதன் மேல் முழுக்க ரத்தத் தெறிப்பு. பூசைக்கு வந்தவர்களின் ரத்தம். கோயிலைப் பிறகு சீரமைத்தார்கள், கூரை போட்டார்கள், அதே வருடம் திறந்தார்கள். சிலையைக் கழுவவில்லை. ரத்தக் கறையோடு அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

கழுவியிருக்கலாம், ஒரு வாளித் தண்ணி போதும். கழுவி, பெயின்ட் அடிச்சு, அடுத்த ஈஸ்டருக்குப் பளிச்சுன்னு வெச்சிருக்கலாம். அப்படிச் செஞ்சிருந்தா அது சிலையாத்தான் இருந்திருக்கும். யோவான் எழுதினதை விளக்க எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன், அந்த ஊர்க்காரங்க கழுவாம விட்டதை விடத் தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதோட அவங்க நிறுத்திக்கவும் இல்லை. தாக்குதல் நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே உளவுத் தகவல் வந்திருந்தது, அதிகாரத்தில் இருந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போதைய போலீஸ், உளவுத்துறை அதிகாரிகளுக்கும் தொகை விதித்தது. யார் பின்னால் இருந்தார்கள் என்ற முழு உண்மை வேண்டும் என்று குடும்பங்கள் வருஷா வருஷம் கேட்கின்றன. பரலோகத்துல இருக்காங்க, விட்டுடுங்கன்னு அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்குத்தான் கேஸை மூட முடியாது. செத்தவர்கள் கணக்கில் இருக்கிறார்கள் என்பதுதானே அந்த நம்பிக்கையே.

இப்போ அந்த நேயரோட கேள்வி. ஈஸ்டர் பாட்டு பாட முடியலைன்னா அது விசுவாசக் குறைவா?

லாசருவின் கல்லறைக்கு இயேசு வருகிறார். அவனை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்தான். இருந்தும் அழுகிறார். எழுப்பப் போறவரே அழுதிருக்கும்போது, நாம ஏன் கண்ணைத் துடைச்சுக்கணும்? மரியாளும் கல்லறை வாசலில் அழுதுகொண்டுதான் நின்றாள். அவள் அழுகையை நிறுத்திய பிறகு அவர் வரவில்லை, அழுதுகொண்டிருக்கும்போதே வந்தார்.

என் சித்தி ஒரு லெந்து காலத்தில இறந்துட்டாங்க. நாற்பத்தெட்டு வயசு. மூணு வாரத்துல ஈஸ்டர். சொந்தக்காரர் ஒருத்தர் சித்தப்பாகிட்ட, விசுவாசிகள் இப்படித் துக்கப்படக் கூடாது, இன்னிக்கு வெற்றியின் நாள், சந்தோஷமா பாடுங்கன்னு சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். சித்தப்பா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறக்காம, எல்லாப் பாட்டுக்கும் நின்னார். பக்கத்துல நின்ன பாட்டி அவருக்காகவும் சேர்த்து ரெண்டு மடங்கு சத்தமா பாடின மாதிரி இருந்துச்சு. சபைன்னு ஒண்ணு இருக்கிறது இதுக்குத்தான்னு எனக்குத் தோணும். உங்களால பாட முடியலைன்னா நில்லுங்க. நிக்கவும் முடியலைன்னா உட்காருங்க. போக முடியலைன்னா வீட்டில இருங்க. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவே ஒரு முழு சனிக்கிழமை இருக்கு. அன்னிக்குச் சீடர்களுக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது, அவர் செத்துட்டார், அவ்வளவுதான். சிலருக்கு அந்தச் சனிக்கிழமை ஒரு வருஷம் நீளும், சிலருக்கு இன்னும் கூட. நாள்காட்டியைப் பார்த்து உங்களை யாரும் அவசரப்படுத்த முடியாது.

ஒரே ஒரு கதை பாக்கி இருக்கு, எனக்கு இருக்கிறதுலயே ரொம்பப் பிடிச்சது. யோவானின் கடைசி அதிகாரம். உயிர்த்த செய்தியெல்லாம் தெரிஞ்ச பிறகும் பேதுருவுக்கு என்ன செய்றதுன்னு தெரியலை. மீன் பிடிக்கப் போறேன்னு கிளம்பிடுறார். பழைய வேலைக்கு. ராத்திரி முழுக்க ஒன்னும் கிடைக்கலை. விடியும்போது கரையில ஒருத்தர் நின்னு, வலது பக்கம் வலை போடுங்கன்னு சொல்றார். வலை நிறைய மீன், 153. எண்ணியிருக்காங்க, மீன்காரங்க இல்லையா! கரைக்கு வந்து பார்த்தா கரி நெருப்பு மூட்டியிருக்கு, மேல மீனும் ரொட்டியும்.

கிரேக்க மூலத்தில் கரி நெருப்பு என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. இன்னொன்று பிரதான ஆசாரியரின் முற்றத்தில், குளிருக்கு எல்லாரும் சுற்றி நின்ற நெருப்பு. பேதுரு அங்கே நின்றுதான் அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னார். கரி புகையிற வாசனை வந்ததும் பேதுருவுக்கு எங்க போயிருக்கும் நினைப்பு? இயேசு அந்த ராத்திரியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. வாங்க, முதல்ல சாப்பிடுங்கன்னார். சாப்பிட்டு முடிச்ச பிறகுதான், என்னை நேசிக்கிறாயான்னு மூணு தடவை கேட்டார். மூணாவது தடவை கேட்டப்போ பேதுருவுக்கு வலிச்சதுன்னு யோவான் எழுதுறார்.

எம்மாவுல ரொட்டி, மேலறையில ஒரு துண்டு மீன், இங்க கரையில காலைச் சாப்பாடு. சாவை ஜெயிச்சுட்டு வந்தவர் சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கார். எங்க பாட்டி அன்னிக்குச் சர்ச்லேர்ந்து வந்து, சித்தப்பாவை உட்கார வெச்சு, ரெண்டு தோசை போட்டாங்க. அவர் ஒண்ணு சாப்பிட்டார்.

அடுத்த வாரம் வழக்கமான எபிசோட். கேள்விகள் இருந்தா அனுப்புங்க. வர்றேன்.